எரிசக்தி ஆய்வு நிதி: யார் விண்ணப்பிக்கலாம், யாருடைய கேள்வி ஆய்வாகும்?

எரிசக்தி ஆராய்ச்சிக்கெனப் பெருந்தொகைகள் அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டு வருகின்றன. 2023 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் மொத்த ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். அதில் 400 கோடி ஆராய்ச்சி, மேம்பாட்டுக்கு உரியது. 2025–26ஆம் ஆண்டுக்கான ஒன்றிய நிதிநிலை அறிக்கை, சிறு அணு உலைகள் குறித்த ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் 20,000 கோடி ரூபாயை அறிவித்தது. 2025 ஜூலை 1 அன்று அமைச்சரவை ஏற்றுக்கொண்ட ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதித் திட்டத்தின் அளவு 1 லட்சம் கோடி ரூபாய். எரிசக்திப் பாதுகாப்பும், புதைபடிவ எரிபொருளிலிருந்து விலகும் மாற்றமும் அத்திட்டத்தின் முன்னுரிமைத் துறைகளுள் அடங்கும்.

இந்த எண்களைப் பார்க்கும் ஒரு தலித் மாணவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்தப் பணத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி யாருக்கு இருக்கிறது? இந்தப் பணத்தால் யாருடைய கேள்விகளுக்கு விடை தேடப்படுகிறது? முதல் கேள்வி வேலைவாய்ப்பையும் பிரதிநிதித்துவத்தையும் பற்றியது. இரண்டாவது, அறிவு எவருக்காக உற்பத்தி செய்யப்படுகிறது என்பதைப் பற்றியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நிதியின் உண்மையான போக்கு புலப்படும்.

ஆராய்ச்சி நிதி என்பது வல்லுநர்களின் அகவிவகாரம், சமூக நீதி இயக்கங்களுக்கு அதில் வேலையில்லை என்ற எண்ணம் நம்மிடையேயும் நிலவுகிறது. வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீட்டுக்காகவும், மாணவர் உதவித்தொகைக்காகவும் நாம் போராடியிருக்கிறோம். ஆய்வு நிதி எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை அதே தீவிரத்தோடு கேட்டதில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இந்நாட்டின் மின்சாரம் எப்படி இருக்கும், எந்த நிலத்தில் உற்பத்தியாகும், யாருக்கு என்ன விலையில் கிடைக்கும் என்பவை இன்றைய ஆய்வகங்களில்தான் பெரிதும் தீர்மானமாகின்றன. ஆகவே இது நம் விவகாரமே.

ஒரே மேசையில் இரண்டு கோப்புகள்

மின்சாரத்தையும் தலித் மாணவர்களின் அறிவியல் கல்வியையும் இணைத்துப் பார்ப்பது புதிய யோசனை அன்று. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில் மின்சாரமும் இருந்தது. மின் விநியோகம் தனியார் கையில் இருக்க வேண்டுமா, அரசின் கையில் இருக்க வேண்டுமா என்ற விவாதத்தை 1943 அக்டோபரில் அவர் முறையாகத் தொடங்கிவைத்தார். மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் கிடைக்காமல் தொழில்மயம் இல்லை. தொழில்மயம் இல்லாமல் வறுமையிலிருந்து மீட்சி இல்லை என்பது அவரது வாதத்தின் சாரம். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கான தொடக்கப் பணிகளும் அவரது பொறுப்பிலேயே நடந்தன.

அதே காலத்தில், 1942 அக்டோபரில், பட்டியல் சாதியினரின் குறைகளை விவரிக்கும் கோரிக்கை மனு ஒன்றை அவர் வைஸ்ராயிடம் அளித்தார். அறிவியல், தொழில்நுட்ப உயர்கல்வியின் செலவு ஒடுக்கப்பட்ட மக்களின் சக்திக்கு அப்பாற்பட்டது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் அக்கல்வியைப் பெற அரசே நிதி தர வேண்டும் என்று அதில் வாதிட்டார். அதன் விளைவாக ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. இன்று நாம் அறிந்த பட்டியல் சாதி மாணவர் உதவித்தொகைத் திட்டங்களின் வேர் அங்கே இருக்கிறது.

நாட்டின் மின்சாரத்தைத் திட்டமிட்டவரே, அத்திட்டத்தை நடத்தும் பொறியாளர்களுள்ளும் அறிவியலாளர்களுள்ளும் தம் மக்கள் இருக்க வேண்டும் என்று கேட்டார். எண்பது ஆண்டுகளுக்குப் பின் மின்சாரக் கோப்பு வளர்ந்து லட்சம் கோடியாகிவிட்டது. மற்றக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது?

தகுதி வரியில் நிற்கும் சாதி

அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் இடத்தில் இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இருக்கிறது. 2023இல் நிறைவேறிய சட்டத்தின்படி அமைந்த இதன் ஆட்சிக்குழுவுக்குப் பிரதமரே தலைவர். ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாயைத் திரட்டுவது திட்டம். அதில் 36,000 கோடி தொழில்துறை உள்ளிட்ட அரசு சாராத வழிகளிலிருந்து வரும் என்று கணக்கிடப்பட்டது. மின்வாகனங்களின் பேட்டரி, மோட்டார், மின்னேற்றக் கட்டமைப்பு ஆகியவற்றுக்கான பெரும் ஆய்வுத் திட்டம் ஒன்றையும் இவ்வமைப்பு அறிவித்துள்ளது. இளம் ஆய்வாளர்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 60 லட்சம் ரூபாய் வரை நல்கை வழங்கும் பிரதமர் பெயரிலான திட்டமும் இதன் கீழ் இருக்கிறது.

இத்தகைய நல்கைகளின் அறிவிப்புகளில் 'தகுதி' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி தவறாமல் இடம்பெறும்: விண்ணப்பிப்பவர் அங்கீகரிக்கப்பட்ட கல்வி அல்லது ஆய்வு நிறுவனத்தில் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். பார்வைக்கு இது நியாயமான நிபந்தனை. பொதுப்பணத்தில் வாங்கும் கருவிகளுக்கு ஒரு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் அல்லவா? ஆனால் நிரந்தரப் பணியில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும்போது அந்த வரியின் பொருள் மாறிவிடுகிறது.

2019 வாக்கில் வெளியான ஒன்றிய அமைச்சகத் தரவின்படி, 23 ஐஐடிகளில் பணியாற்றிய 6,043 ஆசிரியர்களில் பட்டியல் சாதியினர் 149 பேர், பழங்குடியினர் 21 பேர். இரு பிரிவினரையும் சேர்த்தால் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, பழங்குடியினர் 8.6 விழுக்காடு. 2015 முதல் 2019 வரை ஐஐடிகளில் முனைவர் பட்டத்துக்குச் சேர்க்கப்பட்டோரில் பட்டியல் சாதியினர் 9.1 விழுக்காடும் பழங்குடியினர் 2.1 விழுக்காடும் மட்டுமே. இட ஒதுக்கீடு 15, 7.5 விழுக்காடு என்று சட்டம் சொல்லும் இடத்தில் நிலைமை இது.

இதே நிறுவனங்களுக்குத்தான் நிதியின் பெரும்பங்கு போகிறது. பழைய வாரியத்தின் நிதியில் சுமார் 65 விழுக்காடு ஐஐடிகளுக்கும், சுமார் 11 விழுக்காடு மட்டுமே மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றதாக 2023இல் புதிய அறக்கட்டளையின் தேவையை விளக்கிய ஒன்றிய அரசுத் தரப்பே கூறியது. மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும்தான் மாணவர்களில் மிகப் பெரும்பான்மையினர் படிக்கிறார்கள். தலித் மாணவர்களும் அப்படியே. ஆக, நிதி குவியும் இடத்தில் நாம் இல்லை. நாம் இருக்கும் இடத்துக்கு நிதி வருவதில்லை.

தமிழகத்தின் அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளைப் பாருங்கள். முனைவர் பட்டமும் தேசியத் தகுதித் தேர்வுத் தேர்ச்சியும் பெற்றும் ஆண்டுக்கணக்கில் கௌரவ விரிவுரையாளர்களாகவே காலம் கழிப்போர் ஏராளம். அவர்களுள் ஒருவரிடம் சூரியத் தகட்டுக்கான புதிய பூச்சு குறித்தோ, குறைந்த செலவிலான மின்கலம் குறித்தோ நல்ல யோசனை இருக்கலாம். நிரந்தரப் பணி இல்லையென்றால் அந்த யோசனையை எவரும் படித்துப் பார்க்கப் போவதில்லை. விண்ணப்பம் மதிப்பீட்டாளரின் மேசைக்குப் போகும் முன்பே தகுதி வரியில் நின்றுவிடுகிறது. இதைத் தகுதிக் குறைவு என்று சொல்வது எவ்வளவு பெரிய மோசடி!

தடை அடுக்கடுக்காகச் செயல்படுகிறது. பணி இல்லையெனில் நல்கை இல்லை. நல்கை இல்லையெனில் ஆய்வகம் இல்லை. ஆய்வகம் இல்லையெனில் கட்டுரைகள் இல்லை. கட்டுரைகள் இல்லையெனில் அடுத்த பணி இல்லை. இச்சுழலின் எந்த இடத்திலும் 'சாதி' என்ற சொல் எழுதப்பட்டிருக்காது. விளைவு மட்டும் சாதியின் வடிவில் இருக்கும். 'நேச்சர்' இதழ் 2023 ஜனவரியில் வெளியிட்ட தரவுக் கட்டுரை இதைக் காட்டியது: 2016 முதல் 2020 வரை அறிவியல், தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஆசிரிய நல்கை பெற்றவர்களில் 80 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர்; பட்டியல் சாதியினர் 6 விழுக்காடு; பழங்குடியினர் 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

தனிச் சாளரம் போதுமா?

பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்கெனத் தனி நல்கை உண்டே என்று கேட்கலாம். உண்டு. பழைய வாரியம் மூன்று ஆண்டுகளுக்கு 60 லட்சம் ரூபாய் வரை வழங்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. புதிய அறக்கட்டளையும் அதே நோக்கில் நல்கைத் திட்டம் ஒன்றை அறிவித்துள்ளது. தமிழக அரசின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஊக்கத்தொகை வழங்குகிறது. இவற்றால் பயன்பெற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தகுதியுள்ள ஒவ்வொருவரும் இவற்றுக்குக் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆயினும் இத்திட்டங்களுக்கு இரண்டு எல்லைகள் இருக்கின்றன. முதலாவது, ஆய்வாளர் நல்கைகள் இங்கும் நிரந்தரப் பணியில் இருப்பவரை நோக்கியே இருக்கின்றன. இரண்டாவது, தனிச் சாளரம் இருப்பதையே காரணம் காட்டி, பெருந்திட்டங்களில் நம் பங்கு என்ன என்ற கேள்வி தவிர்க்கப்படுகிறது. ஹைட்ரஜன், அணு உலை, மின்கலம் ஆகியவற்றுக்கான கோடிகள் பொது வாசல் வழியாகப் போகின்றன. நமக்குத் திறக்கப்படுவது பக்கத்துச் சாளரம். ஊருக்கும் சேரிக்கும் தனித்தனிக் குவளை வைத்த பழக்கம் நிதி நிர்வாகத்துக்குள் வேறு வடிவில் நுழைந்துவிடக் கூடாது.

ஆய்வு மாணவர்களின் நிலையும் கவலைக்குரியது. 2025 ஜூலையில், பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கான தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் ஒப்புதல் கடிதம் தரப்பட்டது. மற்றவர்களுக்கு நிதி கிடைப்பதைப் பொறுத்தே தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பின்னரே நிலைமை மாறியது. அதே மாதத்தில்தான் 1 லட்சம் கோடித் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது என்பதை நினைவில் கொள்வோம். ரோஹித் வெமுலா 2016 ஜனவரியில் நம்மை விட்டுப் பிரிந்தபோது அவருக்கு ஏழு மாத உதவித்தொகை நிலுவையில் இருந்தது. உதவித்தொகை தாமதமாவது நம் வீடுகளில் கணக்குப் புத்தகத்தோடு முடிந்துவிடுகிற விஷயம் அன்று.

விலக்கு பெற்ற நிறுவனங்கள்

எரிசக்தி ஆராய்ச்சியில் அதிகம் பேசப்படாத இன்னொரு தடை சட்டத்திலேயே இருக்கிறது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணியிட இட ஒதுக்கீட்டை உறுதி செய்ய 2019இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் 4ஆம் பிரிவு, அட்டவணையில் குறிக்கப்பட்ட 'உயர்சிறப்பு' நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் அச்சட்டம் பொருந்தாது என்கிறது. அந்த அட்டவணையில் முதலிடத்தில் இருப்பது ஹோமி பாபா தேசியக் கல்வி நிறுவனமும் அதன் பத்து உறுப்பு நிறுவனங்களும். அணு உலை வடிவமைப்புக்குப் பெயர்பெற்ற மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம், அதிவேக ஈனுலை ஆய்வு நடக்கும் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், அணு இணைவு ஆய்வு நடக்கும் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை அந்தப் பத்தில் அடங்கும்.

இதற்கு முன்னோடி 1975 ஜூன் மாத ஆணை ஒன்று. ஆராய்ச்சியை நடத்தும், வழிநடத்தும் அறிவியல், தொழில்நுட்பப் பதவிகளில், முதல்தொகுதிப் பணியின் கடைசிப் படிக்கு மேற்பட்டவற்றுக்கு இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளிக்க அந்த ஆணை வழிசெய்தது. அதாவது, நுழைவாயிலில் இடம் தரலாம்; ஆய்வின் திசையைத் தீர்மானிக்கும் மேசையில் தர வேண்டியதில்லை. சிறு அணு உலைகளுக்கான 20,000 கோடி ரூபாய் இந்த விலக்குகள் நிலைத்திருக்கும் துறையை நோக்கித்தான் செல்கிறது.

கல்பாக்கத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வளாகத்துக்குள் போகும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு எந்த விலக்கும் தேவைப்படுவதில்லை. துப்புரவுக்கும் சுமைக்கும் நம் மக்கள் வேண்டும். அங்கே உலையை வடிவமைக்கும் பதவிக்கு மட்டும் இட ஒதுக்கீடு 'சிறப்பைக் குலைக்கும்' என்றால், அது அறிவியலின் தேவையன்று, சாதியின் தேவை.

கடனாக வரும் புத்தாக்கம்

1 லட்சம் கோடித் திட்டத்துக்கு வருவோம். இது நல்கை வழங்கும் திட்டம் அன்று. தனியார் நிறுவனங்களுக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியின்றியோ நீண்டகாலக் கடன், பங்கு முதலீடு ஆகிய வடிவங்களில் பணம் செல்லும். அறக்கட்டளையின் கீழ் ஒரு சிறப்பு நிதியம்; அதன் கீழ் இரண்டாம் நிலை நிதி மேலாளர்கள்; அவர்கள் தேர்ந்தெடுக்கும் நிறுவனங்கள் என்பது இதன் அமைப்பு. ஆய்வகத்தில் செயல்விளக்க நிலையைக் கடந்த தொழில்நுட்பங்களுக்கே உதவி கிடைக்கும். திட்டச் செலவின் எஞ்சிய பகுதியை நிறுவனமே திரட்ட வேண்டும்.

புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் ஆராய்ச்சித் திட்டத்திலும் இதே தர்க்கம் இருக்கிறது. அரசு நிறுவனங்களுக்கும் இலாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்களுக்கும் முழுச் செலவையும் அமைச்சகம் ஏற்கலாம். புத்தொழில் நிறுவனங்களுக்கும் தொழில்முனைவோருக்கும் 50 முதல் 70 விழுக்காடு வரைதான். மீதத்தைக் கொண்டுவர வேண்டியவருக்குப் பரம்பரைச் சொத்தும், கடன் தரும் உறவினரும், வங்கியில் அடமானம் வைக்க நிலமும் இருந்தால்தான் முடியும்.

இந்தியாவின் 1,000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2012இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் வெளியானது. இயக்குநர்களில் சுமார் 93 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர் என்றும், பட்டியல் சாதி, பழங்குடியினர் சேர்ந்து 3.5 விழுக்காட்டினர் என்றும் அது கண்டறிந்தது. இட ஒதுக்கீடே இல்லாத இந்தத் தனியார் துறையின் வழியாகப் பொதுப்பணத்தைச் செலுத்துவது என்று முடிவெடுத்தால், சமூக நீதியின் எல்லைக்கு வெளியே அந்தப் பணத்தைக் கொண்டுபோவதாகவே பொருள்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து அரசுத் துறைகள் கொள்முதல் செய்வது குறித்த 2012ஆம் ஆண்டு ஆணை, 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்கிறது. அந்த இலக்கு எட்டப்படவில்லை என்பது வேறு. ஆனால் இலக்கு என்று ஒன்று இருப்பதால்தான் எட்டவில்லை என்று கேள்வி எழுப்ப முடிகிறது. தமிழகத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினரின் புத்தொழில் நிறுவனங்களில் அரசே முதலீடு செய்யும் நிதியமும், 35 விழுக்காடு மூலதன மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டமும் இருக்கின்றன. நாற்காலியும் மேசையும் வாங்குவதில் பங்கு வைக்க முடிந்த அரசால், புத்தாக்கக் கடனில் ஏன் பங்கு வைக்க முடியவில்லை?

கேட்கப்படாத கேள்விகள்

இனி இரண்டாவது கேள்வி: இந்த ஆராய்ச்சியில் யாருடைய வாழ்க்கை இடம்பெறுகிறது?

சாக்கடையில் உருவாகும் மீத்தேனை எரிவாயுவாக்குவது எரிசக்தி ஆராய்ச்சியின் விருப்பத்துக்குரிய தலைப்பு. உயிரி எரிவாயுவுக்கு ஒன்றிய அரசின் திட்டங்களும் உண்டு. அதே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும்தான் பாதாளச் சாக்கடையில் இறங்கும் தொழிலாளரைக் கொல்கின்றன. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தும் மரணங்கள் நிற்கவில்லை. ஒரே வாயு ஆய்வுக் கட்டுரையில் வளமாகவும், ஆள்நுழைவுக் குழியில் மரணமாகவும் இருக்கிறது. குழிக்குள் மனிதர் இறங்காமலே அந்த வாயுவை வெளியேற்றிப் பயன்படுத்தும் அமைப்பை ஆய்வின் முதல் நோக்கமாக வைக்கும் நிதி அறிவிப்பு வந்திருக்க வேண்டாமா?

சூரிய ஆற்றலை எடுத்துக்கொள்வோம். 2024இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். சொந்த வீடும், தகடுகளைத் தாங்கும் கூரையும் உள்ளவருக்கே அது பயன்படும். காரை பெயர்ந்த தொகுப்பு வீடுகளின் கூரை எத்தனை கிலோ தாங்கும்? ஓட்டுக் கூரைக்கும் கல்நார்க் கூரைக்கும் ஏற்ற இலகுவான தகடு எது? காலனிக்குப் பொதுவான ஒரு சூரிய நிலையத்தின் கணக்கை ஒவ்வொரு வீட்டுக்கும் எப்படிப் பிரிப்பது? இவை தரமான பொறியியல் கேள்விகள். சூரிய பம்புத் திட்டமும் அப்படியே: நிலமும் கிணறும் உள்ளவருக்கே பம்பு. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடிப் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூடப் பட்டியல் சாதியினரிடம் இல்லை.

கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில் பாவகடா சூரியப் பூங்கா 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் திறனுடன் அமைந்திருக்கிறது. நிலத்தைக் கையகப்படுத்தாமல் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் குத்தகை தந்ததால் இது முன்மாதிரியாகப் பாராட்டப்பட்டது. நில உரிமையாளருக்குக் குத்தகை கிடைத்தது. அதே நிலத்தில் கூலி வேலை செய்தும் ஆடு மேய்த்தும் வாழ்ந்த நிலமற்றோருக்கு அந்த ஏற்பாட்டில் எந்தப் பங்கும் இல்லை. நிலமற்றோர் யார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. குத்தகைத் தொகையின் ஒரு பகுதி உழைப்பாளருக்கும் சேரும் வகையில் ஒரு மாதிரியை வகுப்பது பொருளியல் ஆய்வு. தமிழகத்தில் சூரிய, காற்றாலைத் திட்டங்களுக்கு இடம் தேரும் முன் பஞ்சமி நிலங்களைக் கண்டறிந்து குறிப்பது வரைபட ஆய்வு. இவற்றுக்கு நிதி கேட்டு எழுதத் தலித் ஆய்வாளர்கள் இருந்தால் எழுதுவார்கள்.

இதனால் தலித்துகள் சாக்கடையையும் காலனியையும் மட்டுமே ஆய்வு செய்ய வேண்டும் என்று நாம் சொல்வதாகக் கொள்ளக் கூடாது. அணு இணைவையும் மின்கல வேதியியலையும் ஆராயும் உரிமை நம் பிள்ளைகளுக்கு முழுமையாக உண்டு. நம் வாழ்க்கையிலிருந்து எழும் கேள்விகளைக் கேட்கும் உரிமை, அறிவியலின் எல்லையில் நின்று ஆராயும் உரிமை ஆகிய இரண்டும் வேண்டும். ஒன்றைத் தந்து மற்றொன்றை மறுப்பதும் சாதிப் பிரிவினையே.

ஆணை வேறு, சட்டம் வேறு

நிதி அறிவிப்பிலேயே நீதியை எழுத முடியுமா என்று ஐயுறுவோருக்கு அமெரிக்க அனுபவம் பயன்படும். 2021 ஜனவரியில் அன்றைய அதிபர் பைடன் பிறப்பித்த ஆணை, தூய எரிசக்தி உள்ளிட்ட சில துறைகளில் கூட்டாட்சி அரசின் முதலீட்டுப் பயன்களில் 40 விழுக்காடு பின்தங்கிய சமூகங்களைச் சேர வேண்டும் என்று இலக்கு வகுத்தது. அதைத் தொடர்ந்து எரிசக்தித் துறையின் பல நிதி அறிவிப்புகளில், சமூகத்துக்கு என்ன பயன் என்பதை விளக்கும் திட்டத்தை விண்ணப்பத்தோடு இணைப்பது கட்டாயமானது; மதிப்பெண்ணில் பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு அதற்கு உரியதாயிற்று. அடிப்படை அறிவியல் நல்கை கேட்போரும், ஆய்வுக் குழுவில் எல்லாப் பிரிவினரையும் எப்படிச் சேர்ப்போம் என்று எழுதித் தர வேண்டியிருந்தது.

2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற டிரம்ப் அன்றே அந்த ஆணையை ரத்துசெய்தார். ஆய்வுக் குழு குறித்த நிபந்தனையும் அதே மாதத்தில் கைவிடப்பட்டது. நமக்கு இதில் இரண்டு பாடங்கள். நல்கை விதிகளில் சமத்துவத்தை மதிப்பெண்ணாகவே எழுத முடியும். அறிவியல் அதனால் நின்றுவிடவில்லை. ஆணையாக மட்டும் இருப்பது ஒரு கையெழுத்தில் போய்விடும். ஆகவே சட்டம் வேண்டும்.

சட்டம் இயற்றும் முன்மாதிரி நம்மிடம் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடித் துணைத்திட்ட நிதிக்குக் கர்நாடகமும் அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரமும் 2013இல் சட்டம் இயற்றின. தமிழ்நாடு 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதத்தில் நிதி என்ற கொள்கை அதன் அடிப்படை. ஆனால் அனுசந்தான் அறக்கட்டளைச் சட்டத்தின் ஆட்சிக்குழு அமைப்பில் தொழில்துறையினருக்கு இடம் உண்டு. தலித், பழங்குடி அறிஞர்களுக்கு உறுதியான இடம் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று, தரவு. எரிசக்தி ஆய்வு நல்கை வழங்கும் ஒவ்வோர் அமைப்பும் எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேர் தேர்வாயினர், எவ்வளவு தொகை, மதிப்பீட்டாளர்கள் யார் என்பவற்றைச் சமூகப் பிரிவு வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இரண்டு, சட்டத் திருத்தம். அறக்கட்டளையின் ஆட்சிக்குழுவிலும் மதிப்பீட்டுக் குழுக்களிலும் பட்டியல் சாதி, பழங்குடி அறிஞர்களுக்கு உறுதியான இடம் வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் விலக்கு அட்டவணையும் 1975ஆம் ஆண்டு ஆணையின் விலக்கும் நீக்கப்பட வேண்டும்.

மூன்று, தகுதி விதியில் மாற்றம். முனைவர் பட்டம் பெற்ற கௌரவ விரிவுரையாளர்கள், தாம் பணியாற்றும் கல்லூரியோ அருகிலுள்ள பல்கலைக்கழகமோ பொறுப்பேற்கும் நிலையில், தம் பெயரிலேயே விண்ணப்பிக்க வழி வேண்டும்.

நான்கு, 1 லட்சம் கோடித் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிறுவனங்களுக்கு அடமானமும் இணைநிதி நிபந்தனையும் இல்லாத தனிப் பங்கு வேண்டும்.

ஐந்து, தமிழக அரசு தன் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மாநிலப் பல்கலைக்கழகங்களில் எரிசக்தி ஆய்வுக்கு நிதி ஒதுக்க வேண்டும். மாநில மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர் என்பதே அதற்குப் போதுமான காரணம்.

இவற்றில் முதல் கோரிக்கையை எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் மாணவர்களே தொடங்கலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் கடந்த ஐந்து ஆண்டுகளில் எரிசக்தி ஆய்வுக்கு வந்த நிதி எவ்வளவு, அதன் முதன்மை ஆய்வாளர்கள் எப்பிரிவினர், அத்திட்டங்களில் நியமிக்கப்பட்ட இளம் ஆய்வாளர்கள் எப்பிரிவினர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தனிநபர் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். பத்துக் கல்லூரிகளிலிருந்து பதில் வந்தாலே பேச ஓர் ஆதாரம் கிடைத்துவிடும். தரவு இல்லை என்று பதில் வந்தால், மேல்முறையீட்டுக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பும் மனுவுக்கும் அந்தப் பதிலே ஆவணமாகும். விண்ணப்பத்துக்கு ஆகும் கட்டணம் பத்து ரூபாய்.